நாற்பத்தோராம் கல்

திரு நிலைக்க. ஊற்று வற்றாதிருக்க. முகிலுக்கு மேல் முற்றமும், பனிக்கு நடுவே அணையாத அடுப்புகளும் உடைய வெண்கோட்டு நாட்டின் கோமான், மூன்று கணவாய்களின் காவலர், எம் தேவியாரின் உடன்பிறந்த அண்ணனார், கோட்டரசர் எயினன் ஆதனார் திருமுன்புக்கு, அலைக்கும் உப்புக்கும் நெல்லுக்கும் உரிய நெய்தற்பாடி நாட்டின் வேந்தர், கடல்காவலர் தித்தன் சேந்தனாரின் திருவாய்மொழியை ஏட்டில் இறக்கும் திருமந்திர ஓலைநாயகம் கூத்தன் பூதி அடிவணங்கி எழுதிய ஓலை. தங்கள் மந்தைகள் பெருகுக. தங்கள் கணவாய்கள் காலத்தில் திறக்க. தங்கள் வீடுகளில் நெருப்பும், தங்கள் மூத்தோர் இருக்குமிடத்தில் அமைதியும் நிலைக்க.

கடைசி வாழ்த்தைப் படித்ததும் இவ்வோலையைத் தீயில் எறியத் தங்கள் கை எழும் என்பது யான் அறியாததன்று. தங்கள் மூத்தோரின் அமைதியைக் குலைத்தவர்களே அதை வாழ்த்துவது, வீட்டைக் கொளுத்தியவன் விருந்துக்கு வந்தது போலிருக்கும். ஆயினும் எறியுமுன் ஒன்று அறிக: தங்கள் தங்கையார் எயினி தேவியாரின் உயிர் தங்கள் ஒருவர் கையில் இருக்கிறது. அதற்கு இன்னும் இருபது நாளே உண்டு. அதை அறிந்தபின் எறிவதும் படிப்பதும் தங்கள் திருவுள்ளம்.

நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். தேவியார் எம் நாட்டுக்கு மணமகளாக இறங்கி வந்து நான்கு ஆண்டுகள். எங்கள் வெயிலைக் குறைகூறி அவர் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆனால் சித்திரை மாதத்திலும் மலைக்கம்பளி ஒன்றைத் தோளில் போட்டிருப்பார், ஏன் என்று கேட்டால் அதன் மணத்துக்காக என்பார். வேந்தருக்கு இது பொறுக்கவில்லை. மனைவி சிரிப்பதற்காக மலையைப் பெயர்க்கும் கணவன்மார் கதைகளில்தான் உண்டு என்று யான் நினைத்திருந்தேன். எம் வேந்தரோ மலையில் ஒரு முழத்தையாவது பெயர்த்துக் கொணரத் துணிந்தார். மரங்கள் ஏற அஞ்சி நின்றுவிடும் எல்லைக்கும் மேலே, கல்லும் பனியும் மட்டுமே உள்ள இடத்தில் பூக்கும் அரிய செடிகளைத் தந்தருள வேண்டும் என்று தங்களுக்கு ஓலை எழுதியவன் யானே. தாங்களும் பெருமனத்தோடு இசைந்து விடை அனுப்பினீர்கள். அந்த விடையில் ஒரே ஒரு கட்டளை இருந்தது: “கல்லெடுத்துச் செடி கொள்க.”

எடுத்தல் என்னும் சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு பொருள். கோயில் எடுத்தான் என்றால் கட்டினான். குப்பை எடுத்தான் என்றால் அகற்றினான். எங்கள் வேந்தரும் அவர் தந்தையாரும் எடுத்த கோயில்களையும் மதில்களையும் முப்பது ஆண்டுகளாக ஏட்டில் எழுதிவரும் யான், தங்கள் ஓலையைக் கண்டபோது மட்டும் குப்பைக்காரனின் பொருளைக் கொண்டேன். செடியைச் சூழ்ந்த கற்களை அகற்றிவிட்டு வேரைக் கொள்க என்று தாங்கள் தோட்டவேலை சொல்லித் தருவதாக எண்ணினேன். கொள்ளும் ஒவ்வொரு செடிக்கும் ஈடாக அவ்விடத்தில் ஒரு கல்லை நாட்டி நிறுத்திவிட்டுப் பிறகு கொள்க என்று தாங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. தங்கள் நாட்டின் உச்சியில் எரிக்க விறகும் இல்லை, புதைக்க மண்ணும் இல்லை என்பதும், அதனால் இறந்தவரைக் கல்லின் கீழ் இருத்தி, அவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அடையாளமாக ஒரு செடியை வைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. செடி போனாலும் கல் இருந்தால் அவர் இருப்பார், கல்லும் போனால் எழுந்துவிடுவார் என்பதும் தெரியாது. அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்று நீதி நூல்கள் சொல்லும். ஓலைநாயகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது என்று யான் சொல்கிறேன்.

எங்கள் அரண்மனைத் தோட்டங்களின் தலைவன் காரி நாகன் என்பவன். செடியோடு நாள் முழுதும் பேசுவான். மனிதரோடு பேசக் கூலி கேட்பான். அவன் இருபது ஆட்களுடன் புரட்டாசியில் மலையேறினான். தாங்கள் அப்போது தொலைவான மேய்ச்சல் நிலத்தில் இருந்தீர்களாம். யான் படித்துச் சொன்னபடி அவன் கற்களை அகற்றினான். அத்தோடு நின்றிருந்தாலும் பாதிப் பழிதான். கல்லில் பிறந்த செடி தன் கல்லை விட்டுப் பிழைக்காது என்று தன் அறிவையும் கொஞ்சம் சேர்த்து, நாற்பத்தொரு செடிகளோடு நாற்பத்தொரு கற்களையும் பாசியில் பொதிந்து கழுதைகளில் ஏற்றிவிட்டான். அங்கிருந்த இடையர்கள் தடுக்கவில்லை. வரிசையாக நின்று கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டார்கள். குளிர் கூடிவிட்டது போலும் என்று எம் ஆட்களும் தத்தம் முகத்தை மூடிக்கொண்டார்களாம்.

தோட்டத்தை அவன் அமைத்த விதத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அரண்மனைக்கு வடக்கே, நண்பகலுக்குப்பின் மதிலின் நிழல் விழும் இடத்தில் இடுப்பளவு பள்ளம் தோண்டினான். அடியில் உடைந்த ஓடும் செங்கல்லும் ஒரு முழம், அதன்மேல் ஆற்றுச் சரளை, அதன்மேல் மணலும் இலைமக்கும் கலந்த மண். கற்களை மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி புதைத்து, பெய்யும் நீர் வேர்ப்பக்கம் இறங்குமாறு உள்நோக்கிச் சாய்த்து வைத்தான். கற்களின் இடுக்குகளில் செடிகளை நட்டு, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் ஈரம் நின்றால் அழுகும் என்று கழுத்தைச் சுற்றிப் பொடிக்கல் பரப்பினான். மேலே நீர் தெளிக்க விடவில்லை. வெட்டிவேர்ப் பந்தலின் கீழ் குளிரவைத்த நீரை மண்ணுள் புதைத்த கலயங்களிலிருந்து கசியவிட்டான். பஞ்சணை போலப் படர்ந்தவை சில, இலையெல்லாம் கம்பளி போர்த்தவை சில, நகத்தளவு நீலப்பூ பூப்பவை சில. இவ்வளவும் செய்துவிட்டு, பங்குனியில் பாதி சாகும், சித்திரையில் மீதி சாகும், என்மேல் கோபிக்க வேண்டாம் என்று வேந்தரிடம் முன்கூட்டியே விண்ணப்பித்தும் கொண்டான். எனக்குப் பூவென்றாலே தும்மல். ஒரு பாறைக்கு இத்தனை பணிவிடையா என்று சிரித்தேன்.

கார்த்திகையில் வேந்தர் தேவியாரின் கண்களைத் தம் கையால் பொத்தித் தோட்டத்துக்கு அழைத்து வந்தார். கையை எடுத்தபோது தேவியார் சிரிக்கவில்லை. இரு கையும் கூப்பினார். முதற்கல்லின் அருகே மண்டியிட்டு, அதன் பச்சையைத் தலையைத் தடவுவது போலத் தடவி, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அத்தே, நீயா இங்க வந்திருக்க?” ஒவ்வொரு கல்லாகச் சென்று மாமன் என்றும், சின்னம்மா என்றும், முறை சொல்லி அழைத்தார். ஒரு கல்லருகே மட்டும் போகவில்லை. எல்லாவற்றிலும் சிறிய கல் அது. அதைத் தோட்டத்தின் கோடியில் மாற்றி வைக்கச் சொன்னார். மலைமக்கள் செடிகளுக்கு உறவுமுறை வைத்து அழைப்பார்கள் போலும் என்று நாங்கள் மகிழ்ந்தோம். ஏன் அன்றே எங்களுக்குச் சொல்லவில்லை என்று பின்னர் கேட்டதற்கு, வேந்தரின் முகம் அன்று அவ்வளவு மலர்ந்திருந்ததாகவும், அதைப் பார்த்தபின் வாய் வரவில்லை என்றும் தேவியார் சொன்னார். அதற்காக வேந்தர் இன்றளவும் தம்மை மன்னிக்கவில்லை.

பங்குனி வந்தது. ஒரு செடியும் சாகவில்லை. முதலில் அஞ்சியவன் காரி நாகன்தான். செடி பிழைத்தால் மகிழ்பவன், என் வீட்டு வாசலில் வந்து நின்று கையைப் பிசைந்தான். என்னை அழைத்துப்போய்க் காட்டினான். மதிலின் கல் கால்வைக்க முடியாமல் கொதித்த உச்சிப்பொழுதில், மண்ணுள் புதைத்த கலயங்களின் வாயில் பனி ஏடு கட்டியிருந்தது. விரலால் தொட்டேன், உடைந்தது. பூக்கள் யாவும் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றன. காலையில் பார்த்தாலும் மாலையில் பார்த்தாலும் அவை தேவியாரின் மாடத்துச் சாளரத்தையே பார்த்தன. அவர் கீழிறங்கிக் குளத்துக்குச் சென்றபோது பார்த்தேன். பூக்கள் மெல்லக் குளத்தின் பக்கம் திரும்பின. கோடியில் இருந்த சிறுகல்லின் செடி மட்டும் பூக்காமல் வெறும் இலையாக இருந்தது.

பிறகு தடங்கள். தோட்டத்துப் பாதைகளில் கடல்மணல் பரப்பி மாலைதோறும் சீவி விடுவது வழக்கம். ஒருநாள் காலை பெருக்குவோர் ஓடிவந்து அழைத்தார்கள். ஒவ்வொரு கல்லின் அடியிலிருந்தும் வெறுங்கால் தடம் ஒன்று புறப்பட்டு வாயில்வரை சென்றிருந்தது. விரல்கள் அகன்ற, மலையேறிப் பழகிய பாதங்கள். வெளியிலிருந்து கல்லுக்கு வந்த தடம் ஒன்றும் இல்லை. எல்லாம் கல்லிலிருந்து வெளியே போனவை. எண்ணினேன், நாற்பது. சிறுகல்லைச் சுற்றி மணல் சீவியது சீவியபடி இருந்தது.

அன்று முதல் எங்கள் தலைநகரான புன்னந்துறையில் இடநெருக்கடி தொடங்கியது. இதை வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்னசாலையில் ஆளில்லாமல் இலை மட்டும் போட்டிருந்த இடத்தில் உட்காரப் போனவன், ஆள் இருக்கிறது என்று தானே சொல்லிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனான். யார் இருக்கிறார் என்றால் சொல்லத் தெரியவில்லை. ஓடக்காரன் துறைக் கணக்கரிடம் வந்து முறையிட்டது இது: “பத்துப் பேரை ஏத்தினா பதினாலு பேர் பாரம் இழுக்குது. எறங்கச் சொல்லலாம்னா, யாரைச் சொல்றது?” அரசவையிலும் இரண்டு இருக்கைகள் தொட முடியாமல் குளிர்ந்தன. யானும் வேறோர் அமைச்சரும் அவற்றைப் பார்க்காததுபோல நின்றுகொண்டே அவை நடத்தினோம். மூட்டுவலிக்காரனான எனக்கு இது பெரும் துன்பம்; ஆனால் அந்த இருக்கையில் உட்காரும் துணிவு இல்லை.

துணிந்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் உப்பு வணிகர். கடைத்தெருப் புன்னை மரத்தடியில் தாம் வழக்கமாக அமரும் கல்மேடையில், குளிர்கிறதே, நல்லது என்று சொல்லி உட்கார்ந்தார். பிறகு எழவில்லை. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. உடல் கிணற்றடிக் கல்லாகக் குளிர்ந்து, கண் வடதிசையைப் பார்த்தபடி நின்றுவிட்டது. மற்ற இருவருக்கும் இதே கதி. வைத்தியர்கள் சுக்கு, மிளகு, தவிட்டு ஒத்தடம் என்று தங்களால் ஆனதைச் செய்து கைவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் தேவியார் வேந்தரையும் என்னையும் அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். கல்லெடுத்தல் என்றால் என்ன என்று அப்போதுதான் யான் அறிந்தேன். வீட்டுக்குப் போய்ப் பேழையைத் திறந்து தங்கள் பழைய ஓலையை மீண்டும் படித்தேன். எழுத்துகள் தெளிவாகத்தான் இருந்தன. வேந்தர் பூசாரிகளை வரவழைக்கவா, பேயோட்டுபவர்களை அழைக்கவா என்று கேட்டார். தேவியார் அதைத் தடுத்து, “அவங்க பேயும் இல்ல, கெட்டவங்களும் இல்ல. உக்கார எடமில்லாதவங்க. எழுப்பிவிட்டது நாம,” என்றார்.

எழுந்தவரை மீண்டும் இருத்த இரத்த உறவினரால் மட்டுமே முடியும் என்பது தாங்கள் அறிந்ததே. மறுநாள் காலை தொடங்கி, நாளைக்கு ஒருவராக, தேவியார் அவர்களை இருத்தினார். சூரியன் எழும்போது கல்லருகே அமர்ந்து, ஒரு கையைச் செடியின் மேல் வைத்து, அவருடைய பெயரையும் முறையையும் சொல்லி, இதுதான் இடம், இரும் என்று அழைத்துக்கொண்டே இருப்பார். மதிலின் நிழல் கல்லைத் தொடும்போது எழுவார். அடுத்த காலை மணலில், வாயிலிலிருந்து அந்தக் கல்லுக்குத் திரும்பி வந்த தடம் ஒன்று கிடக்கும். முதல்நாள் அத்தையார் வந்து இருந்தார். அன்றே புன்னை மரத்தடி உப்பு வணிகர் கண்சிமிட்டி, கஞ்சி இருக்கிறதா என்று கேட்டார். ஊர் மெல்லத் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. நாற்பது காலைகள் இப்படிக் கழிந்தன. நேற்று முன்தினம் நாற்பதாமவரும் வந்து இருந்துவிட்டார்.

ஒருவரை இருத்துவதற்கு ஒருவரின் சூடு வேண்டும் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தேவியாரும் மறைத்தார். முதல் சில நாளில் கால்விரல்கள் குளிர்கின்றன என்றார், கம்பளி சுற்றினோம். பிறகு முழங்கால். இப்போது அவர் குடித்து மிச்சம் வைத்த பாலில் பனிக்கட்டி மிதக்கிறது. அவர் நடந்துபோன தளத்தில் ஈரம் பூக்கிறது. தங்கள் மருமகளுக்கு ஒன்றரை வயது, இப்போதுதான் ஓடக் கற்றிருக்கிறாள். தாயைக் கண்டால் கைதட்டிச் சிரித்துக்கொண்டு ஓடிவருகிறாள். மடியில் ஏறிய கணமே அலறி இறங்குகிறாள். மூன்று முறை இது நடந்ததை யான் பார்த்தேன். நான்காம் முறை தேவியாரே குழந்தையைக் கையமர்த்தித் தொலைவிலேயே நிறுத்திவிட்டார். அதைப் பார்க்கச் சகியாமல் வெளியே வந்துவிட்டேன். முதியவன், ஊரெல்லாம் கடுமையானவன் என்று பெயரெடுத்தவன், தாழ்வாரத்தில் நின்று அழுதேன்.

இனி அந்தச் சிறுகல்லைப் பற்றி. நாற்பது தடங்கள்தாமே, இது யாருடையது, இவர் ஏன் எழவில்லை என்று நேற்றுக் காலை தேவியாரிடம் கேட்டேன்.  மணமாகி மலையிறங்கும் பெண்ணைத் தங்கள் நாட்டில் இறந்தவளாகவே எண்ணுவார்கள் என்றும், அவள் கணவாயைக் கடந்த நாளில் உடன்பிறந்தவன் தன் கையால் அவளுக்கு ஒரு கல்லெடுத்து ஒரு செடியும் வைப்பான் என்றும் சொன்னார். அந்தச் செடியின் கீழ் எவரும் இல்லாததால் அது பூப்பதில்லையாம். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லைத் தாங்கள் எடுத்தீர்கள் என்றும், அப்போது தாங்கள் அழுததைப் பின்னர் கீழே வந்த இடையர் சொல்லக் கேட்டதாகவும் சொன்னார். அதன்பின் அவர் சொன்னது இது: “அது மலையில இருந்துச்சு, நான் கடலோரத்துல இருந்தேன். நடுவுல மூணு கணவாய். இப்ப அதைக் கூட்டிட்டு வந்து என் வாசல்ல வச்சுட்டீங்க, ஐயா.”

என்மேல் சினந்து சொல்லவில்லை. வழிதவறி வந்தவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். சினந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தச் செடி இப்போது மொட்டு விட்டிருக்கிறது. தேவியார் தம் விருப்பத்தால் அங்கே செல்வதில்லை. ஆனால் பிற்பகல்களில் எவரும் பாராத நேரத்தில், நின்ற இடத்தை மறந்தவராய் அந்தக் கோடியை நோக்கி நடந்துவிடுகிறார். நேற்று பன்னிரண்டடி தொலைவில் கண்டோம். இன்று ஒன்பது. பணிப்பெண்கள் கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுகிறார். பிடித்தவர்களுக்குத்தான் கை மரத்துப்போகிறது. மொட்டு விரிவதற்குள் ஒரு வழி செய்யாவிட்டால் அவர் போய் அமர்ந்துவிடுவார், அமர்ந்தால் எழமாட்டார். காரி நாகன் மொட்டைப் பார்த்து, இருபது நாளில் விரியும் என்று கணித்திருக்கிறான். அவன் கணிப்பு பிழைத்ததை யான் கண்டதில்லை. இம்முறை பிழைக்க வேண்டும் என்று அவனே குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான்.

கல்லை உடைத்தெறிந்தால் என்ன என்று வேந்தர் சம்மட்டியோடு போனார். ஓர் அடி அடித்தார். மாடத்தில் இருந்த தேவியார் தோளைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சம்மட்டியைக் கடலில் எறிந்துவிட்டோம். மலைக்கே திருப்பி அனுப்பலாமா என்றால், தோட்டத்திலிருந்து ஒரு கல்லை வெளியே கொண்டுபோனாலும் இருந்த நாற்பதின்மரும் மறுபடி எழுவார்கள். எடுத்த கை எதுவோ அந்தக் கையே அந்தக் கல்லைச் சாய்க்க வேண்டும். சாய்த்து, இவள் உயிரோடு இருக்கிறாள் என்று அவள் பெயரை மும்முறை சொல்ல வேண்டும். வேறு வழியில்லை என்று தேவியார் சொல்கிறார்.

தாங்கள் வர வேண்டும்.

வருவது எளிதன்று என்பதை மறைக்க மாட்டேன். வெண்கோட்டின் அரசர் கணவாய்க்குக் கீழே கால்வைத்தால் அவரும் இறந்தவராகவே எண்ணப்படுவார், அவர் உறவினர் அவருக்கும் கல்லெடுப்பர், அரசு வேறு கைக்குப் போகும் என்பதைத் தேவியார் எனக்குச் சொன்னார். ஆகவே தங்களை வரவேண்டாம் என்றும், குழந்தையை மட்டும் மலைக்கு அழைத்து வளர்க்க வேண்டும் என்றும் எழுதப் பணித்தார். முப்பது ஆண்டுகளில் என்னிடம் சொல்லப்பட்டதை மாற்றி எழுதியதில்லை; இன்று மாற்றுகிறேன். இப்போது அவர் எழுத்தாணியின் ஒலியைக் கேட்டபடி என் அருகில்தான் அமர்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. ஒருவேளை தெரிந்தே கேட்காமல் இருக்கிறார்.

தங்கள் மருமகளுக்கு இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் அமர்த்தித்தான் குத்த வேண்டும் என்று தேவியார் பிடிவாதமாகத் தள்ளிவைத்திருக்கிறார். மாமன் வரமாட்டாரே என்று அரண்மனைப் பெண்கள் கேலி செய்தபோதெல்லாம், வருவார் என்றே சொல்லி வந்தார். சட்டம் தெரிந்தவர்தான். தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

இனி எம் வேந்தரின் ஆணை. மூன்றாம் கணவாயின் அடிவாரம் தொடங்கிப் புன்னந்துறை அரண்மனை வரையுள்ள வாயில்கள் யாவும் இந்நாள் முதல் திறந்தே கிடக்க. கோட்டரசர் வரும் வழியில் ஆயுதம் ஏந்தியவர் எவரும் நிற்கலாகாது. குதிரையும் பல்லக்கும் நிழலும் நீரும் காதத்துக்குக் காதம் ஆயத்தமாக நிற்க. தங்கையின் பொருட்டு அவர் தம் அரசை இழப்பாராயின் எம் நாட்டின் வடபாதி அவருடையது; அதை மறுப்பவர் எம் குடியல்லர். சொல்லை மாற்றிப் படித்துப் பழி வருவித்த ஓலைநாயகம் கூத்தன் பூதி, கோட்டரசர் கூறும் தண்டனை எதுவாயினும் அதை ஏற்று நிற்க. இவ்வாணையின் கடைசி வாக்கியத்தை வேந்தர் சொல்லவில்லை. எழுதிய பிறகு படித்துக் காட்டினேன், அவர் மறுக்கவும் இல்லை.

ஓட்டத்தில் வல்லவன் ஒருவன் இவ்வோலையைக் கொணர்கிறான். மலையேற ஒன்பது நாள், தாங்கள் இறங்க எட்டு நாள். மூன்று நாள் மிஞ்சும். அதில் ஒரு நாளையும் எங்களைச் சினந்து கழிக்க வேண்டாம். சினத்துக்குப் பின்னர் நேரம் உண்டு, யானும் ஓடிவிட மாட்டேன்.

வைகாசி வளர்பிறை ஏழாம் நாள், புன்னந்துறைக் கோயிலகத்தில் இருந்து, ஓலைநாயகம் கூத்தன் பூதி எழுத்து. வேந்தர் கேட்டு ஒப்பினார்.

முத்திரை பற்றி ஒரு விண்ணப்பம். மீன்பொறி இலச்சினையை இடுவதற்காக அரக்கை மும்முறை உருக்கினோம். சட்டியில் கொதித்த அரக்கு, கரண்டியிலிருந்து சொட்டி ஓலையைத் தொடுமுன் மணியாக இறுகித் தரையில் உருண்டது. தேவியார் அருகில் இருப்பதால் அப்படி. அவரை எழுந்து அப்பால் போகச் சொல்ல வேந்தருக்கு மனம் இல்லை, எனக்கு நா எழவில்லை. முத்திரையில்லாத ஓலையைப் படிக்காமல் எரித்துவிட வேண்டும் என்பது தங்கள் கணவாய்க் காவலுக்கும் எங்கள் கோட்டைக் காவலுக்கும் பொதுவான கட்டளை என்பதை அறிவேன். எரிக்காமல் இதைத் தங்கள் கையில் சேர்த்த காவலனைத் தண்டிக்காதிருக்க. வருக.